பள்ளியில் தமிழ், வீட்டில் ஆங்கிலம்: சிங்கப்பூரில் நடந்தது உலகமயமாக்கலா, வேறொன்றா?

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 2009-ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். பின்னர் நிரந்தரவாசியாகி, தெம்பனிஸ் வட்டாரத்தில் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தில் குறை சொல்ல முடியாத மதிப்பெண் வாங்குகிறாள், மரபுத்தொடர்களைப் பொருளோடு ஒப்பிக்கிறாள், கருத்தறிதல் பயிற்சியில் தவறே செய்வதில்லை. ஆனால் தம்பியோடு சண்டை போடுவதும், கனவு கண்டு எழுந்தால் அதை விவரிப்பதும், பொம்மைகளோடு பேசுவதும் ஆங்கிலத்தில்தான். நானும் மனைவியும் தமிழில் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் வருவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2000-ஆம் ஆண்டில் 23 விழுக்காடு, 2010-இல் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. 2010-க்கும் 2020-க்கும் இடையே தமிழ் 3.3-லிருந்து 2.5 விழுக்காடாகவும், மலாய் 12.2-லிருந்து 9.2 ஆகவும், மாண்டரின் 35.6-லிருந்து 29.9 ஆகவும் குறைந்தன. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று இறங்கியிருக்க, ஒன்று மட்டும் ஏறியிருக்கிறது.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் “எல்லாம் உலகமயமாக்கல்” என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு எதையும் விளக்கவில்லை. திருச்சியிலிருந்து என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அதே உலகமயமாக்கல்தானே? என்னைப் போன்ற தமிழ் பேசுவோர் தொடர்ந்து வந்துகொண்டிருந்த பத்தாண்டுகளில் வீட்டுத் தமிழ் சுருங்கியது எப்படி? இந்த ஊரை நீண்டகாலம் பார்த்தவர்களும், பிற நாடுகளின் மொழி நிலையை அறிந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

செம்பவாங் பழையவர் எழுதியது:

ஐயா, நீங்கள் கணக்கிலிருந்து தொடங்கினீர்கள்; நான் என் தாயாரிடமிருந்து தொடங்குகிறேன். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இடப்பக்கத்து மலாய்க் குடும்பத்தோடும், வலப்பக்கத்து ஹொக்கியன் பேசும் சீனக் குடும்பத்தோடும், மீன் விற்க வருபவரோடும் தடையின்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசியது பசார் மலாய், அதாவது சந்தை மலாய். இலக்கணம் பார்ப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் மொழி அது. ஆயினும் மூன்று இனத்தாருக்கும் அதுவே பொதுமொழியாக இருந்தது. வீட்டுக்குள் வந்தால் தமிழ். சந்தை மலாய் எந்தக் காலத்திலும் எங்கள் வீட்டுப் படியேறி வந்து தமிழைத் துரத்தியதில்லை. ஏனென்றால் அதைக் கற்றால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று யாரும் தம் பிள்ளைக்கு அதைச் சோற்றோடு ஊட்டவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் தந்தையார் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். தமிழரும் மலையாளிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிங்கப்பூர் தனிநாடாகி மூன்றாண்டுகூட நிறையாத 1968 சனவரியில், படைகளைத் திரும்பப் பெறப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது; 1971-இல் பெரும்பகுதி வெளியேறியது. அந்த இடைக்காலத்தில் எங்கள் தெருவில் பல குடும்பங்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே கப்பலேறிவிட்டன. எஞ்சியவர்களுக்கு வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அரசு கண்ட விடை, வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்து ஆலைகள் அமைக்கச் செய்வது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் அறுபதுகளின் இறுதியிலேயே இங்கு வந்துவிட்டன. அந்த ஆலைகளின் மேற்பார்வையாளர் பேசியது ஆங்கிலம், விண்ணப்பப் படிவம் ஆங்கிலம், இயந்திரத்தின் கையேடு ஆங்கிலம்.

பெற்றோர்கள் கணக்குத் தெரியாதவர்களா? தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கடையநல்லூர் முஸ்லிம்கள் கட்டி வளர்த்த உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த கடைசிப் பள்ளியாக நின்று, 1982-இல் மூடப்பட்டது. சீனர்களின் கதையும் இதுதான்: அவர்கள் சொந்தப் பணத்தில் எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாகவும், மற்ற மூன்றும் ‘தாய்மொழிப் பாடம்’ என்ற பெயரில் ஒவ்வொரு பாடமாகவும் ஆயின. பள்ளியையே நடத்திய மொழி, பள்ளிக் கால அட்டவணையில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது அப்போதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் முதலிய சீனக் கிளைமொழிகள் மறைந்ததை உலகச் சந்தையின் மேல் நேராகப் போட முடியாது. 1979-இல் தொடங்கிய ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கம் அவற்றைத் திட்டமிட்டு விலக்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. வீட்டில் கிளைமொழி பேசுவோர் 2000-இல் ஏறத்தாழ 24 விழுக்காடாக இருந்து, 2020-இல் 8.7-க்கு வந்துவிட்டார்கள். பாட்டியின் மொழியை விட்டு மாண்டரினுக்கு மாறிய வீடு, அடுத்த தலைமுறையில் ஆங்கிலத்துக்கு எளிதாக மாறிவிட்டது என்பது நான் அக்கம்பக்கத்தில் கண்டது. ஒருமுறை மொழி மாற்றிய வீட்டுக்கு மறுமுறை மாற்றுவது கடினமாக இருப்பதில்லை போலும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: உலகமயமாக்கல் இங்கே தானாக வந்து இறங்கவில்லை, வேறு வழியில்லாத ஒரு சிறு நாடு அதைக் கதவைத் திறந்து அழைத்தது. அழைத்ததால் சோறு கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. என் பிள்ளைகள் மூவரும் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள்தாம்.

கட்டுமானத் தளப் பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

செம்பவாங் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நண்பர் எடுத்துக்காட்டிய கணக்கெடுப்பு, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. வேலை அனுமதிச் சீட்டில் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள் அந்த 2.5 விழுக்காட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் நின்று பார்த்தால், இந்தத் தீவிலேயே உரக்க ஒலிக்கும் மொழி தமிழ்தான் என்று தோன்றும். எங்கள் தளத்தில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழிலும் நடத்துகிறேன். சாரம் கட்டுவது, பாதுகாப்பு வார் மாட்டுவது, பாரந்தூக்கியின் கீழே நிற்கக் கூடாது என்பது எல்லாம் தமிழில் சொன்னால்தான் உயிர் தப்பும். அறிவிப்புப் பலகைகளிலும் நான்கு மொழிகளில் ‘அபாயம்’ என்றிருக்கும்.

அப்படியானால் தமிழுக்கு இங்கே பயன் இல்லை என்று சொல்ல முடியாது. பயன் இருக்கிறது, ஆனால் அந்தப் பயன் யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். அலுவலக மின்தூக்கியில் சந்திக்கும் இரண்டு தமிழ்ப் பொறியாளர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். சாலையோரம் குழி தோண்டுபவர்கள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. உலகமயமாக்கல் ஒரே மொழியைப் பேசும் மனிதர்களை இரண்டு வெவ்வேறு வாயில்களின் வழியே இந்த நாட்டுக்குள் அனுப்புகிறது. ஒரு வாயிலில் வந்தவர் தாம் மற்ற வாயிலில் வந்தவரல்லர் என்று காட்டிக்கொள்ள ஆங்கிலத்தை அணிந்துகொள்கிறார். நண்பர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் வங்கிக்குப் போனால் அப்படித்தான் செய்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் வகுப்பறையில் அமர்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். இதில் எங்கள் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், வகுப்பில் பிள்ளை வாய் திறந்தால் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்பது நடைமுறை. ‘நேத்து நாங்க பெரியம்மா வீட்டுக்குப் போனோம்’ என்று ஒரு பிள்ளை ஆசையோடு தொடங்கும். “நேத்து என்று சொல்லக்கூடாது, நேற்று என்று சொல்” என்று நான் நிறுத்துவேன். மீண்டும் தொடங்கும்போது பெரியம்மாவும் போய்விடுவார், ஆசையும் போய்விடும். வீட்டில் கேட்ட தமிழ் பள்ளியில் பிழை; பள்ளியில் கற்ற தமிழை வீட்டில் பேசினால் பாட்டி சிரிப்பார். இரண்டுக்கும் நடுவே நின்ற பிள்ளைக்கு, எங்கே பேசினாலும் யாரும் திருத்தாத ஒரு மொழி கையில் கிடைத்தது. நாம் பேசும் ஆங்கிலத்தை, அதில் சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய ‘லா’ எத்தனை சேர்ந்தாலும், உணவங்காடி நிலையத்தில் யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை.

2005-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை இந்தச் சிக்கலை வெளிப்படையாக எடுத்துப் பேசியது. அதன் பிறகு, படித்தவர்கள் இயல்பாகப் பேசும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையிலும் வாய்மொழித் தேர்விலும் இடம் கிடைத்தது. அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் பெரிய சண்டையே நடந்தது. தமிழ் கெட்டுவிடும் என்று வருந்தியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு ஆண்டுகளில் மனம் மாறினேன், ஏனென்றால் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள்; பிழையோடு, ஆங்கிலச் சொற்களைக் கலந்து, ஆனால் கதை சொல்லத் தொடங்கினார்கள். என்றாலும் அந்த மாற்றம் காலந்தாழ்ந்து வந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களே பழைய முறையில் படித்து, தமிழ் என்றால் மேடையும் தேர்வும்தான் என்று முடிவுகட்டியவர்கள்.

உங்கள் மகள் மரபுத்தொடர்களை ஒப்பிப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் ‘கொசு கடிச்சிருச்சு’ என்று அவள் கடைசியாக எப்போது சொன்னாள்?

ஈசூன் இளையர் எழுதியது:

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இந்தப் பதிவை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு முறை அகராதி பார்த்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் ஆங்கிலம் பேசும் அந்த 48.3 விழுக்காட்டில் நானும் ஒருவன்.

பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால், மொழி குறைந்தால் அடையாளமும் அதே அளவு குறைந்துவிடும் என்பது போல் இருக்கிறது. நான் ஆண்டுதோறும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போகிறேன். தைப்பூசத்தில் என் அண்ணன் காவடி எடுக்கிறார். கட்டாயப் படைப்பயிற்சியான தேசிய சேவையில் இருந்தபோது ‘செடியா’, ‘செனாங் டிரி’ என்ற மலாய்க் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தேன், மலாயில் தேசிய கீதம் பாடினேன். அதனால் நான் மலாய்க்காரன் ஆகவில்லை, ஆங்கிலம் பேசுவதால் ஆங்கிலேயனும் ஆகவில்லை. என்னைத் தமிழன் அல்லன் என்று இதுவரை எந்தச் சீன நண்பனும் சொன்னதில்லை. தமிழர்கள்தாம் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதில் ஓர் உறவினர் வீட்டில் நான் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் நான் ஆங்கிலம்தான். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பீர்கள்?

சொல் தேடுபவன் எழுதியது:

ஈசூன் தம்பியின் பதிவு இத்திரியில் மிக நேர்மையானது என்று கருதுகிறேன். ஆனால் அதன் முடிவோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. அவர் கூறுவது போல மொழி போன பின்னும் அடையாளம் நிற்கும் என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று. ஐரிஷ்காரர் ஆங்கிலமே பேசினாலும் தம்மை ஆங்கிலேயர் என்று சொன்னால் பொறுக்க மாட்டார்கள். ஆயினும் அங்கே என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1937-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி ஐரிஷ் மொழியே தேசிய மொழியும் முதல் ஆட்சிமொழியும் ஆகும். பள்ளிகளில் அது பயிற்றுவிக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 இலட்சம் பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. சட்டமும் பாடநூலும் ஒரு மொழியை மதிப்பெண்ணாகக் காப்பாற்ற முடிகிறது. சண்டை போடுவதற்கும் கனவைச் சொல்வதற்கும் அந்த மொழியைத் தர முடிவதில்லை. தெம்பனிஸ் நண்பரின் வீட்டில் நடப்பதும் இதுவே.

மறுபுறம் ஐஸ்லாந்து. நான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்கள். ஆனால் பிறமொழிச் சொல்லை அப்படியே ஏற்பதில் அவர்களைப் போல் தயங்குபவர்கள் அரிது. தொலைபேசிக்கு, நூலிழை என்னும் பொருளுடைய பழஞ்சொல்லை எழுப்பி ‘சீமி’ என்றார்கள். எண் என்ற சொல்லையும் குறி சொல்லும் பெண் என்ற சொல்லையும் இணைத்துக் கணினிக்கு ‘டொல்வா’ என்றார்கள். வீடும் பள்ளியும் அலுவலகமும் அங்கே ஐஸ்லாந்து மொழியில்தான் இயங்குகின்றன. இவ்வளவு இருந்தும், கையில் உள்ள கருவியோடு பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசப் பழகுகிறார்களே என்ற அச்சம் அந்நாட்டு அரசையே செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் வாயிலுக்குக் கொண்டுபோயிற்று. 2023-இல் அந்நிறுவனத்தின் ஜிபிடி-4 வெளியானபோது, அதற்கு ஐஸ்லாந்து மொழியைக் கற்பிக்கும் கூட்டுமுயற்சியும் அறிவிக்கப்பட்டது. சொற்களுக்கு வேலி போட்ட நாட்டுக்கு, மொழி புழங்கும் இடம் குறைவதுதான் இன்றைய கவலை.

நம்மவர்கள் பெரும்பாலும் சொற்களைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆனால் சொற்கள் கடல் கடந்து போவதும் வருவதும் பழைய வணிகம். மலாய் மொழியில் கப்பல் இன்றும் ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, கட்டில் ‘காத்தில்’, பெட்டி ‘பெத்தி’. நம் சரக்கோடு சேர்ந்து இறங்கிய சொற்கள் இவை. இவற்றால் மலாய் மொழி நலியவில்லை. மலேசியத் தமிழர் சிற்றூரைக் ‘கம்பம்’ என்பதும், பிரம்பை ‘ரோத்தான்’ என்பதும் மலாயிலிருந்து வந்தவை. அவற்றால் தமிழும் நலியவில்லை. செம்பவாங் ஐயாவின் தாயார் இரண்டு மொழிக்கும் இரண்டு இடம் வைத்திருந்தார். இப்போது ஒரே மொழி எல்லா இடத்தையும் கேட்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உலகமயமாக்கல் தமிழுக்குக் கொடுத்ததும் உண்டு, கொடுத்த இடமும் சிங்கப்பூர்தான். சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1995-லேயே சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழ் இணையத்தில் ஏறியது. 1997-இல் நடந்த தமிழிணைய மாநாடும் அங்கேதான் கூடியது. நாம் இப்போது தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து வாதிட்டுக்கொண்டிருப்பதில், தமிழ் பேசுவோர் மிகக் குறைவாக உள்ள ஒரு தீவுக்குப் பங்கு இருக்கிறது.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மின்தூக்கியில் ஆங்கிலம் பேசும் பொறியாளர் நான்தான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆசிரியை அம்மா கேட்ட கொசுக்கடிக் கேள்விக்கு விடை தேடிப் பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. ஆங்கிலத்தில் சொன்னபோது, களிம்பை எடுத்துத் தடவிவிட்டு நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஈசூன் தம்பி எழுதிய சிரிப்பு இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. என் மகனுக்கு ஆறு வயது. ‘வாழைப்பழம்’ அவனுக்கும் வராது. வீட்டில் நாங்கள் அதைச் சொல்லச் சொல்லி விருந்தினர் முன் வேடிக்கை பார்த்திருக்கிறோம். அதை நிறுத்திவிட்டோம். இந்த வாரம் தொலைக்காட்சியில் காற்பந்து பார்க்கும்போது அவனோடு தமிழிலேயே பேசிப் பார்த்தேன். பந்து, வலை, உதை, தடு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, “அப்பா, ஆஃப்சைடுக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நான் விழித்த அந்த நொடியிலேயே அவன் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டான். இதற்குப் புழக்கத்தில் உள்ள சொல் எதுவும் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பி, சொல் தேடுபவன் ஐயா நான்கைந்து சொற்களைத் தேடித் தருவார். அவை வரும் வரைக்கும் அந்தப் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள். ‘அவன் ஆஃப்சைடுல நிக்கிறான் பாரு, கொடி தூக்கிட்டாங்க’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், ‘எங்கப்பா? எவன்?’ என்று அவனும் தமிழில் கேட்டிருப்பான். அடுத்த ஆட்டம் எப்போது?